படத்தில் எத்தனை பேர்?

அணுசக்தி நகரில் நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்களின் வரவேற்பறைகளில் ஒருவகைக் குழுப்படத்தை இன்றும் காணலாம். கறுப்பு வெள்ளைப் படம். முன்வரிசை நாற்காலிகளில் மூத்தோர் அமர்ந்திருப்பர். அவர்களுக்குப் பின்னால் இளைஞர்கள் இரண்டு மூன்று வரிசைகளில் நிற்பர். தரையில் சிலர் சம்மணமிட்டிருப்பர். கீழுள்ள அட்டையில் பெயர்கள் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும்: அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம், நிற்போர், முதல் வரிசை, நிற்போர், இரண்டாம் வரிசை. டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1957இல். அதன் தொடக்க அணிகளில் பயின்று, இன்று எண்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவர் அத்தகைய படத்தின்முன் நின்று விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லும்போது, அட்டையைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இருப்பதில்லை.

ஆனால் சில படங்களின் ஓரத்தில் இன்னொருவரும் இருப்பார். சட்டகம் அவரைப் பாதி வெட்டியிருக்கும். நாற்காலிகளைச் சுமந்து வந்தவராக இருக்கலாம், ஓட்டுநராக இருக்கலாம், தேநீர் கொண்டுவந்தவராக இருக்கலாம். அட்டையில் அவர் பெயர் இராது. பெயர் தெரிந்தோர் எவரேனும் உண்டென்றால் அது விரல்வைத்துச் சொல்லும் அந்த முதியவர்தாம். அவரிடமும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

இந்த விடுபடலை ஒரு தனி அலுவலகத்தின் கவனக்குறைவாகக் கொண்டால் பொருள் விளங்காது. குழுப்படம் என்னும் வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் கீழே எழுதப்படும் குறிப்புக்கோ ஓர் இலக்கணமே உண்டு. இவ்விரண்டையும் தெளிவாகக் காண உதவுவது இந்தியாவில் போரிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவுகளின் படப்பதிவு.

குழுப்படத்தின் தொடக்கக் கதையில் ஸ்காட்லாந்துக்குத் தனியிடம் உண்டு. 1843 மே மாதத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. நூற்றுக்கணக்கான போதகர்கள் தம் ஊதியத்தையும் இல்லத்தையும் துறந்து வெளியேறித் தனித் திருச்சபை அமைத்தனர். அந்த நிகழ்வை ஒரே ஓவியத்தில் வரைய விரும்பினார் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். நானூற்றுக்கும் மேற்பட்ட முகங்களை ஓவியர் ஒருவர் நேரில் வரைந்து முடிப்பது அரிது. ஆகவே ராபர்ட் ஆடம்சன் என்னும் இளைஞரோடு சேர்ந்து அப்போது புதிதாக வந்திருந்த ஒளிப்படக் கலையை நாடினார். ஆடம்சன் 1848இல் இறந்தார். ஓவியம் நிறைவுற்றது 1866இல். அன்று அந்த அவையில் இல்லாத சிலரையும் ஹில் ஓவியத்தில் சேர்த்துக்கொண்டார். குழுப்படம் என்பது இருந்ததை அப்படியே எடுப்பதன்று, யார் இருந்ததாக நினைவில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என்னும் உண்மை அதன் பிறப்பிலேயே அடங்கியிருக்கிறது. அந்தப் பிளவு தமிழ் வாசகர்களுக்கு அயலானதுமன்று. பம்பாயில் ஜான் வில்சனும் சென்னையில் ஜான் ஆண்டர்சனும் புதிய திருச்சபையின் பக்கமே நின்றனர். வில்சன் கல்லூரியின் வேரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேரும் அவர்களிடமே செல்கின்றன.

அதே ஹில்லும் ஆடம்சனும் 1846இல் எடின்பரோ கோட்டையில் மலைநாட்டுப் படைவீரர்களைப் படமெடுத்தனர். பிரித்தானியப் படைவீரர்களைக் காட்டும் மிகப் பழைய ஒளிப்படங்களுள் அவை சேரும். கட்டமிட்ட துணியாலான கில்ட், கரடித்தோல் போன்ற உயர்ந்த தொப்பி, நெஞ்சின் குறுக்கே வெண்பட்டை. உடையின் கவர்ச்சி படத்துக்கு உகந்ததாயிருந்தது. அதன்பின் மலைநாட்டு வீரன் என்றாலே படமாக நினைவுக்கு வரும் ஓர் உருவம் உலகெங்கும் பரவியது.

அந்த உருவத்துக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின் அதே ஆண்டுச் சட்டம் அவர்களது மரபுடையைத் தடை செய்தது. தடை நீங்கியது 1782இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அரசின் படையில் சேர்ந்தவர்கள் மட்டுமே அவ்வுடையை அணியலாம். ஆக, சொந்த ஊரில் அணிந்தால் குற்றமாகவும், அரசனுக்காகப் போரிடும்போது அணிந்தால் பெருமையாகவும் ஒரே துணி இருவேறு பொருள் கொண்டது. மொழிக்கும் இதே நிலைதான். அவ்வீரர்களில் பலருக்குக் கேலிக் தாய்மொழி. 1872ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் பள்ளிகளில் கேலிக்குக்கு இடமே ஒதுக்கவில்லை. படைப்பிரிவுகளின் முழக்கங்களில் அம்மொழி அலங்காரமாக வாழ்ந்தது. வகுப்பறையில் பிள்ளைகளிடமிருந்து விலகியது.

93ஆம் சதர்லண்ட் மலைநாட்டுப் படைப்பிரிவு இதற்குத் தெளிவான சான்று. அது 1799இல் சதர்லண்ட் சீமாட்டியின் பண்ணைநிலங்களில் வாழ்ந்த குடியானவர்களின் மகன்களைக் கொண்டு திரட்டப்பட்டது. பிள்ளைகளைப் படைக்குத் தந்த அதே பள்ளத்தாக்குகளிலிருந்து, ஆடு வளர்ப்பு அதிக வருவாய் தருமென்பதால், குடியானவர்கள் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வெளியேற்றப்பட்டனர். ஸ்ட்ராத்நேவரில் 1814இலும் 1819இலும் வீடுகள் எரிக்கப்பட்டன. அவ்வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் 1816இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். நிலமிழந்தோரின் பெயரைச் சுமந்த படை 1854இல் கிரிமியாவின் பாலக்லாவாவில் புகழ் பெற்றது. 1857இல் சீனத்துக்குச் செல்லும் வழியில் திருப்பிவிடப்பட்டுக் கல்கத்தாவில் இறங்கியது.

1857 நவம்பர் 16 அன்று காலின் காம்பெல் தலைமையில் அப்படை லக்னோவின் சிக்கந்தர் பாக்கைத் தாக்கியது. அவத்தின் கடைசி நவாபான வாஜித் அலி ஷா கட்டிய, உயர்ந்த மதிலால் சூழப்பட்ட தோட்டமாளிகை அது. உள்ளே இருந்தவர்கள் வெளியேற வழியின்றிக் கொல்லப்பட்டனர். 93ஆம் படையோடு தோளுக்குத் தோள் நின்று தாக்கியது 4ஆம் பஞ்சாப் காலாட்படை. அன்றைய ஒருநாள் போருக்கு இருபதுக்கும் மேற்பட்ட விக்டோரியா சிலுவைகள் வழங்கப்பட்டன. பஞ்சாப் படையின் இந்திய வீரர்கள் அவ்விருதுக்கு அன்று தகுதியுடையவர்களே அல்லர். அவர்களுக்கு அந்த வாயில் திறந்தது 1911இல்தான்.

சில மாதங்கள் கழித்து, 1858இல், பெலிசே பியாட்டோ என்னும் ஒளிப்படக்காரர் அங்கு வந்தார். அவர் எடுத்த சிக்கந்தர் பாக் படம் போர் ஒளிப்பட வரலாற்றில் தவறாமல் இடம்பெறுவது. சிதைந்த மாளிகை, அதன்முன் திறந்த வெளி, தரையெங்கும் மனித எலும்புகள், அவற்றினிடையே உயிரோடு நிற்கும் சில இந்தியர், ஒரு குதிரை. அந்த எலும்புகள் போர்நாளிலிருந்து அப்படியே கிடந்தவை அல்ல. முறையாக மூடப்பட்டிருந்த உடல்களைப் படமெடுப்பதற்காகத் திறந்துவைக்கச் செய்தார் என்று, அப்போது லக்னோவில் நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஜார்ஜ் காம்பெல் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். காலமும் காட்சியும் ஒருங்கே புனையப்பட்ட படம் இது.

அதற்கு வழங்கிவரும் ஆங்கிலத் தலைப்பு கருதத்தக்கது. 93ஆம் மலைநாட்டுப் படையாலும் 4ஆம் பஞ்சாப் படையாலும் 2,000 கலகக்காரர் வெட்டி வீழ்த்தப்பட்டபின் சிக்கந்தர் பாக்கின் உட்புறம் என்பது அதன் சாரம். மொழியியல் வகுப்புகளில் செயப்பாட்டு வினையைப் பற்றிப் பேசும்போது, அது செய்தவனை மறைக்கும் உத்தி என்று கற்பிப்பது வழக்கம். சுடப்பட்டனர், கைது செய்யப்பட்டனர் என்னும் செய்தித்தாள் தொடர்களில் சுட்டவர் யார் என்பது மறைந்துபோகும். இங்கே நேர்மாறு. செய்தவர் மறைக்கப்படவில்லை, பதக்கம்போல் முன்னே குத்தப்பட்டிருக்கிறார். மறைந்துபோனவர் செயலுக்கு ஆட்பட்டவர். அவர் ஓர் எண்ணாகிவிட்டார்.

இன்னும் நுணுகிப் பார்த்தால் மற்றொரு முரண் தெரிகிறது. தலைப்பில் பெயர் பெற்ற மலைநாட்டு வீரர்களில் ஒருவரும் படத்தில் இல்லை. படத்தில் நிற்கும் இந்தியர்களோ தலைப்பில் இல்லை. அவர்கள் யார்? ஒளிப்படக்காரரின் சுமைகளைத் தூக்கி வந்தவர்களா, குதிரைக்காரரா, எலும்புகளைத் திறந்துவைக்கப் பணிக்கப்பட்டவர்களா? தலைப்பு அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்காலத்துக் கருவிக்குப் பதிவாக அவர்கள் சில விநாடிகளேனும் அசையாமல் நின்றிருக்க வேண்டும். நின்றதற்கான சான்று படத்தில் இருக்கிறது. நின்றவர் என்னும் சான்று எழுத்தில் இல்லை. நாற்காலி சுமந்தவரைப் பாதி வெட்டிய சட்டகத்துக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு பெரிது. கொடுமையில் ஒப்பீடே இல்லை. ஆனால் குறிப்பெழுதும் இலக்கணம் ஒன்றே.

தமிழில் இதைச் சிந்திக்க ஒரு தனி வசதி இருக்கிறது. மனிதரை எண்ணும்போது தமிழர் பேர் என்கின்றனர். பத்துப் பேர், நூறு பேர், இரண்டாயிரம் பேர். இந்தப் பேர் என்பது பெயர் என்பதன் மரூஉ. பெயர் என்னும் சொல்லுக்கே ஆள் என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. மாட்டை எண்ணும்போது பத்து மாடு என்று நின்றுவிடுகிறது தமிழ். மனிதரை எண்ணும்போது எண்ணின் பக்கத்தில் பெயரை நிறுத்துகிறது. அன்றாடப் பேச்சில் இதை எவரும் உணர்வதில்லை. சொற்பொருள் தேய்ந்து எண்ணலகு ஆகிவிட்டது என்று மொழியியலார் விளக்குவர்; அது சரியான விளக்கமே. ஆயினும் படத்தில் எத்தனை பேர் என்று தமிழில் கேட்பது, அதன் பழைய பொருளில், படத்தில் எத்தனை பெயர்கள் என்று கேட்பதுமாகும். சிக்கந்தர் பாக் படத்துக்கு அக்கேள்வியை வைத்தால் கிடைக்கும் விடை: ஒன்றுமில்லை.

தமிழ் இன்னொரு நெருக்கடியையும் தருகிறது. ஆங்கிலக் குறிப்பில் வினைமுற்று மரியாதையைக் காட்டுவதில்லை. தமிழில் அது தப்பமுடியாதது. அதிகாரி அமர்ந்திருக்கிறார் என்றும், பணியாள் நிற்கிறான் என்றும் மொழிபெயர்த்தால், மூலத்தில் எழுத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வைத் தமிழ் விகுதி எழுதிவிடுகிறது. பழைய படங்களுக்குத் தமிழில் குறிப்பெழுதும் நூல்களிலும் கண்காட்சிகளிலும் இந்த ஆர், ஆன் வேறுபாடு எவர் கவனத்துக்கும் வராமல் நுழைவதுண்டு. உயர்திணை என்று வகுத்தபின் அதற்குள் மேலும் ஒரு கீழ்ப்படியை அமைக்கும் பழக்கம் அது. அதற்குக் காலனியத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

பெயரற்றவரைப் பெயரோடு மீட்டெடுத்த ஒரு நிகழ்வும் அதே சிக்கந்தர் பாக்கிலேயே உண்டு. 93ஆம் படையில் பணியாற்றிய வில்லியம் போர்ப்ஸ் மிட்செல் 1893இல் வெளியிட்ட நினைவுநூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். தோட்டத்தின் அரசமரத்தில் மறைந்திருந்து வீரர்களைச் சுட்டவரை வாலஸ் என்னும் வீரர் சுட்டு வீழ்த்தினார். விழுந்தது ஒரு பெண்ணின் உடல். அதைக் கண்ட வாலஸ் அழுதார். நூலில் சுட்டவருக்குப் பெயர் உண்டு, கண்ணீர் உண்டு, வீழ்ந்தவருக்குப் பெயரில்லை. உத்தரப் பிரதேசத்தின் பாசி சமூகத்தார் அப்பெண்ணை ஊதா தேவி என்று போற்றுகின்றனர். லக்னோவில் அவருக்குச் சிலை உண்டு. நவம்பர் 16 அவரது நினைவுநாள்.

மரத்திலிருந்து விழுந்த பெண்ணும் ஊதா தேவியும் ஒருவரே என்பது வாய்மொழி மரபின் கூற்று. அக்காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டி அதை நிறுவ முடியாது என்று ஒரு வரலாற்றாய்வாளர் சொன்னால் அதைத் தவறென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் ஆவணம் எழுதும் கைகள் யாரிடம் இருந்தன என்பதைக் கேளாமல் ஆவணம் இல்லை என்று மட்டும் சொல்வது பாதி நேர்மையே. படைப்பிரிவு தன் நினைவை நூலாகவும் பதக்கமாகவும் படமாகவும் வைத்துக்கொண்டது. தலித் சமூகமொன்று தன் நினைவைப் பாட்டாகவும் ஆண்டுவிழாவாகவும் சிலையாகவும் வைத்துக்கொண்டது. இரண்டும் சான்றுகளே; இரண்டையும் ஆராய வேண்டும்; ஒன்றை மட்டும் வரலாறு என்றும் மற்றதை நம்பிக்கை என்றும் அலமாரி பிரிப்பது ஆய்வாகாது.

தமிழ்நிலத்துக்கும் மலைநாட்டுப் படைகளுக்குமான உறவு லக்னோவைவிடப் பழையது. மக்லியோட் பிரபு திரட்டிய 73ஆம் படைப்பிரிவு 1780இல் சென்னையில் இறங்கியது. பின்னர் 71ஆம் படை என எண் மாறியது அதுவே. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை அழித்தபோது, இப்படைப்பிரிவின் இரு கம்பெனிகள் அங்கே இருந்தன. பின்னாளில் ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலை நடத்திய டேவிட் பெய்ர்ட் அன்று சிறைப்பட்டவர்களுள் ஒருவர். அந்தப் போரைத் திப்பு தம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். அதுவும் ஒரு குழுப்படமே. வென்றவரின் பக்கத்திலிருந்து வரைந்தது. அங்கே செங்கோட்டு அணிந்த ஐரோப்பிய வீரர்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற முகங்களோடு வரிசையாக நிற்கின்றனர். தனித்த அடையாளம் தலைவர்களுக்கு மட்டும். எதிரியை எண்ணாக்கும் பழக்கம் ஒரு கண்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அச்சுவர் நினைவூட்டுகிறது.

பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் சென்னை இராணுவத்தின் இந்தியச் சிப்பாய்கள். 1781இல் பரங்கிப்பேட்டைப் போரில் தம் இசையால் ஊக்கமூட்டிய குழலிசைஞர்களுக்கு அயர் கூட் வெள்ளிக் குழல்கள் வழங்கிய கதையை மலைநாட்டுப் படையின் வரலாறு பெருமையுடன் சொல்லிவருகிறது. அதே களத்தில் நின்ற தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்கு அப்படியொரு கதை எஞ்சவில்லை. எஞ்சியது சொற்களில்தான். பட்டாளம், சிப்பாய், கவாத்து, துப்பாக்கி: ஐரோப்பிய மொழிகளிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் துருக்கியத்திலிருந்தும் வந்து தமிழில் தங்கிய சொற்கள். சென்னையில் ஒரு பகுதிக்கே பட்டாளம் என்று பெயர். அகராதியின் ஒவ்வொரு படைச்சொல்லும் பல மொழிக்காரர் ஒரே முகாமில் பேசிக் கலந்ததற்குச் சான்று. பேசியவர்கள் யார் என்று மட்டும் அகராதி சொல்லாது.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, பெயரற்றவர்கள் இந்தியர் மட்டுமல்லர். சாதாரண மலைநாட்டு வீரனுக்கும் குழுப்படத்தில் பெயரில்லை என்பது. இது உண்மை, மேலே சொன்ன ஸ்ட்ராத்நேவர் கதை அதை வலியுறுத்தவும் செய்கிறது. எனினும் ஒரு வேறுபாடு நிற்கிறது. படைவீரனுக்குப் படத்தில் பெயரில்லாவிட்டாலும் சம்பளப் பட்டியலில் பெயருண்டு. அப்பட்டியல்கள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பேரப்பிள்ளைகள் தேடிச் செல்கின்றனர். தண்ணீர் சுமந்தவருக்கும் துணி வெளுத்தவருக்கும் பல்லக்குச் சுமந்தவருக்கும் பெரும்பாலும் அப்படித் தேடிச் செல்ல ஒரு பட்டியலே இல்லை. ஒருவர் படத்தில் மட்டும் விடுபட்டவர். மற்றவர் பதிவிலேயே சேராதவர்.

இரண்டாவது மறுப்பு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பெயர் தேடுவது வீண். இறுதியில் கற்பனையாகவே முடியும் என்பது. கற்பனைப் பெயர் சூட்டக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் தேடினால் கிடைப்பதும் உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலிருந்து வந்து சென்னை இராணுவப் பொறியாளராகி, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராக உயர்ந்த காலின் மெக்கன்சியைத் தமிழாய்வாளர் அனைவரும் அறிவர். தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்த ஓவியத்தில் செங்கோட்டு அணிந்து அவர் நிற்கிறார். சுற்றிலும் மூன்று இந்தியர். அவர்களை வெறும் உதவியாளர் என்று விட்டுவிடாமல், தொலைநோக்கி ஏந்திய கிஸ்த்னாஜி, சமண அறிஞர் தர்மையா, கவாலி குடும்பத்து அறிஞர் என்று இனங்காண முடிந்தது. காரணம், அவர்களது உழைப்பு மெக்கன்சியின் சுவடித் தொகுப்பில் பெயரோடு பதிவாகியிருந்தது. பதிவு இருந்த இடத்தில் பெயர் மீண்டது. ஆகவே கேள்வி நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய படங்களைப் பற்றியதோடு முடிவதில்லை. இன்று எழுதும் குறிப்புகள் நாளைய ஆய்வாளருக்கு என்ன தரப்போகின்றன என்பதும் கேள்வியே.

பெயரைப் பொறிப்பது அயலவரிடமிருந்து கற்க வேண்டிய பண்புமன்று. போரில் மாய்ந்த வீரனின் பெயரைக் கல்லில் எழுதி நட்ட வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. தொல்காப்பியம் அதற்கு நிலைகளே வகுக்கிறது. செங்கம் பகுதியின் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு சேர்ந்து கள்வரை எதிர்த்த அவனது நாய்க்கும் அக்கல்லில் உருவமும் பெயரும் உண்டு: கோவிவன். இதைக் கொண்டு பழந்தமிழகம் அனைவரையும் சமமாக நினைவுகூர்ந்தது என்று சொல்வது மிகை. அந்தக் கற்களும் வீரரைத்தான் போற்றின. உழுதவரையும் சுமந்தவரையும் அல்ல. ஆயினும் சிற்றூரில் கல் செதுக்கியவர் ஒரு நாயின் பெயரைக் கேட்டு எழுத நேரம் கண்டார் என்பது குறிப்பெழுதும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆவணக்காப்பகங்கள் இப்போது தம் படங்களை மின்னுருவாக்கி வருகின்றன. மின்னுருவான படத்தைக் கண் கண்டுபிடிப்பதில்லை, சொல்தான் கண்டுபிடிக்கிறது. தேடுபவர் இடும் சொல் குறிப்பில் இருந்தால் படம் வெளிவரும். இல்லாவிட்டால் படம் இருந்தும் இல்லாததே. 93ஆம் மலைநாட்டுப் படை என்று தேடுபவருக்குச் சிக்கந்தர் பாக் படம் உடனே கிடைக்கும், அதில் அப்படையினர் ஒருவரும் இல்லாதபோதும். குதிரைக்காரர், சுமைகாரர் என்று தேடுபவருக்கு அது கிடைக்குமா என்பது குறிப்பை எழுதியவர் கையில் இருக்கிறது. இயந்திரங்களே குறிப்பெழுதும் காலத்தில், பழைய குறிப்புகளைப் படித்துப் பழகிய இயந்திரம் பழைய விடுபடல்களையே திரும்ப எழுதும்.

ஆகவே ஆய்வாளரும் மாணவரும் பழைய குழுப்படத்தைக் கையாளும்போது செய்யத்தக்கவை சில. முதலில், படத்தில் உள்ள அனைவரையும் எண்ணுதல். ஓரத்தில் வெட்டுண்டவர் உட்பட. அடுத்து, பெயர் கிடைக்காதவருக்கு உள்ளூர்வாசி, பணியாள் என்னும் பொதுச்சொல்லை ஒட்டாமல், அவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, என்ன செய்கிறார் என்று எழுதுதல். பெயர் தெரியவில்லை என்பதையும் வெளிப்படையாகப் பதிதல். மூலத் தலைப்பைத் திருத்தாமல் அப்படியே காத்து, காப்பகத்தின் சொந்தக் குறிப்பை அதிலிருந்து பிரித்துக் காட்டுதல். நிகழ்வு நடந்த நாளையும் படம் எடுத்த நாளையும் தனித்தனியே குறித்தல். தமிழில் எழுதும்போது எல்லாருக்கும் ஆர் விகுதியே இடுதல்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஆனால் ஒன்றுக்கு மட்டும் காலக்கெடு உண்டு. அது உயிரோடிருப்பவரிடம் கேட்பது. அணுசக்தி நகர் அரசுக் குடியிருப்பு. ஓய்வு பெற்றோர் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்போது பெட்டிகளில் ஏறாதவை பழைய தாள்காரரிடம் போகும். மாட்டுங்காவின் சபாக்கள், சங்கங்களின் ஆண்டுவிழாப் படங்களுக்கும், தாராவியின் தோல் பட்டறைகளிலும் பள்ளிகளிலும் எடுத்த படங்களுக்கும், செம்பூரின் பழைய குடும்பப் படங்களுக்கும் இதே நிலைதான். அட்டையில் உள்ள பெயர்கள் எப்படியும் எங்கேனும் ஒரு பதிவேட்டில் இருக்கும். அட்டையில் இல்லாத பெயர் ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே இருக்கும், அவரோடு போய்விடும்.

93ஆம் படையின் படத்தில் நின்றவர்களிடம் கேட்க இனி ஒருவருமில்லை. டிராம்பேயின் படத்தில் நாற்காலி சுமந்தவரைப் பற்றிக் கேட்க இன்னும் சிலர் இருக்கின்றனர். மும்பையில் தமிழ் படிக்கும், வரலாறு படிக்கும், மொழியியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இந்த விடுமுறையில் ஒரே ஒரு வீட்டுக்குச் சென்று, ஒரே ஒரு படத்தை இறக்கிவைத்து, ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்டு, சொன்னவர் பெயரோடும் நாளோடும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்தால், ஒரு சிறிய ஆவணக்காப்பகத்துக்கான வேலை தொடங்கிவிடும். படத்தில் எத்தனை பேர் என்னும் கேள்விக்கு விடை அப்போது ஓர் எண்ணாக மட்டும் இராது.